வாசகர் கேள்விகள்: சொர்க்கம் சலித்துப்போகாதா?

கேள்வி: சொர்க்கத்தில் துன்பம் இல்லை, அந்த இன்பத்துக்கு முடிவும் இல்லை என்கிறார்கள். எவ்வளவு இனியதும் நாள்பட்டால் சலிக்கும் என்பதே நம் அனுபவம். அப்படியானால் முடிவற்ற இன்பம் முடிவற்ற சலிப்பாக மாறிவிடாதா?
– கோயம்புத்தூர் வாசகர்

பதில்: இதைக் கூர்மையாகக் கேட்டவர் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் பெர்னார்ட் வில்லியம்ஸ். செக் எழுத்தாளர் காரெல் சாபெக்கின் நாடகம் ஒன்று 1922இல் பிராக் நகரில் மேடையேறியது. அதில் வரும் எலினா மாக்ரோபுலோஸ் என்ற பாடகி, ஆயுளை நீட்டிக்கும் மருந்தை உண்டு 300 ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்தவள். மருந்தின் வீரியம் தீரும் தறுவாயில் அதன் செய்முறைச் சீட்டைத் தேடி வருகிறவள், அது கைக்கு வந்த பிறகு வேண்டாம் என்று விட்டுவிடுகிறாள். ஓர் இளம்பெண் அதைத் தீயிலிடுகிறாள். இக்கதையை வைத்து 1973இல் வில்லியம்ஸ் வாதிட்டார்: என் குணமும் விருப்பங்களும் இன்றுபோலவே இருந்தால், எனக்கு நேரக்கூடியவை அனைத்தும் என்றோ ஒருநாள் நேர்ந்து முடிந்துவிடும், அவை மாறிக்கொண்டே போனால், பத்தாயிரம் ஆண்டுகளுக்குப் பின் அங்கே மகிழ்ந்திருப்பவர் நான்தானா என்பதே ஐயமாகிவிடும்.

இன்பங்களின் கிடங்காகச் சொர்க்கத்தைக் கருதுகிறவர்களுக்கு இந்த வாதத்திலிருந்து தப்ப வழியில்லை. ஆனால் புண்ணியம் தீர்ந்ததும் மண்ணுலகுக்குத் திரும்பியாக வேண்டும் என்று கீதையின் ஒன்பதாம் அத்தியாயமே கூறுவதால், இந்திரலோகம் யாருக்கும் கடைசி ஊர் ஆகாது. ஆழ்வார்கள் வேண்டியது வேறு. "எப்பொழுதும் நாள்திங்கள் ஆண்டூழி ஊழிதொறும் அப்பொழுதைக் கப்பொழுதென் ஆரா வமுதமே" என்று திருவாய்மொழியில் நம்மாழ்வார் பாடுகிறார். ஆரா அமுதம் என்றால் உண்ண உண்ணத் தெவிட்டாத அமுதம். வில்லியம்ஸ் அஞ்சிய அதே கால அளவுகளை நாள், திங்கள், ஆண்டு, ஊழி என்று அடுக்கிவிட்டு, அத்தனைக்கும் பிறகும் அந்தந்தக் கணத்தில் திருமால் புதியவனாகவே இருக்கிறான் என்று முடிக்கிறார். 4ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் ஆயராக இருந்த நிசா நகர் கிரகோரியார், கடவுள் எல்லையற்றவர் என்பதால் அவரைக் காணும் ஆசை நிறைவேறும்போதே மேலும் வளரும் என்று எழுதினார். தொடர்பே இல்லாத இருவர் ஒரே இடத்தில் வந்து நிற்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

சிறுவயதில் என் பாட்டியோடு திருவரங்கத்தில் விடியற்காலையில் விஸ்வரூபம் என்னும் நாளின் முதல் தரிசனத்தைச் சேவிக்கப் போவேன். பசுவும் யானையும் சன்னதிக்கு எதிரே நிற்க, கதவு திறக்கும் அந்த நேரத்தில் என் தோளைப் பற்றியிருக்கும் அவர் விரல்கள் தினமும் இறுகும். "நேத்திக்குச் சேவிச்ச அதே பெருமாள்தானே பாட்டி?" என்று ஒருநாள் கேட்டேன். "நேத்திக்குப் பசிச்சது நேத்தோட போச்சு, இன்னிக்குப் பசிக்கறதே" என்றார். பொருள்களும் நிகழ்ச்சிகளும் எண்ணித் தீரக்கூடியவை. நாம் நேசிக்கும் ஒருவரை எண்ணித் தீர்த்துவிட முடிவதில்லை. சொர்க்கம் ஒருவரைக் காண்பது என்றால், வில்லியம்ஸின் கணக்கு அங்கே செல்லாது என்றே நான் நினைக்கிறேன்.

கேள்வி: சொர்க்கத்தின் ஆறுகளையும் மாளிகைகளையும் அப்படியே நம்ப வேண்டுமா, உருவகமாகக் கொள்ளலாமா?
– காயல்பட்டினம் வாசகர்

பதில்: 1037இல் மறைந்த இஸ்லாமியத் தத்துவ அறிஞர் இப்னு சீனா, உண்மையான பேரின்பம் அறிவுக்குரியது என்றும், உடல் சார்ந்த வருணனைகள் பொதுமக்களுக்குப் புரியும்படி சொல்லப்பட்டவை என்றும் கருதினார். 1111இல் மறைந்த இறையியல் அறிஞர் இமாம் கஸ்ஸாலி இதைக் கடுமையாக மறுத்து, உடலோடு எழுப்பப்படுவதை மறுப்பது இறைமறுப்பே என்று தீர்ப்பளித்தார். இஸ்லாமிய உலகின் பெரும்பான்மை கஸ்ஸாலியின் பக்கமே நின்றது. ஆனாலும் குர்ஆனின் 9:72 வசனம், கீழே ஆறுகள் ஓடும் சோலைகளையும் தூய இல்லங்களையும் வாக்களித்த கையோடு, அல்லாஹ்வின் திருப்பொருத்தமே, அதாவது அவன் உவப்பே, எல்லாவற்றிலும் பெரியது என்கிறது. சோலையை மெய்யாகவே நம்புகிறவரும் சோலையோடு நின்றுவிட அந்த வசனம் இடம் தருவதில்லை.

கேள்வி: என் தம்பி விசுவாசத்தை விட்ட நிலையிலேயே சென்ற ஆண்டு இறந்துபோனான். நான் மோட்சத்துக்குப் போய், அங்கே அவன் இல்லையென்றால், அது எனக்கு எப்படி மோட்சமாக இருக்கும்?
– தூத்துக்குடி வாசகி

பதில்: அம்மா, உங்கள் கேள்வி முதல் கேள்வியைவிடக் கடினமானது. மோட்சம் சலிக்காததற்கு அன்பே காரணம் என்று மேலே எழுதினேன்; அந்த அன்புதான் இங்கே வலிக்கிறது.

தண்டனை பெற்றவர்களின் துயரை மோட்சவாசிகள் அறிவார்கள் என்றும், அவர்களுடைய சித்தம் இறைநீதியோடு முழுதும் ஒன்றியிருப்பதால் இரக்கத்தால் வருந்த மாட்டார்கள் என்றும் 13ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க இறையியல் அறிஞர் புனித தோமா அக்குவினாஸ் விடை சொன்னார். அவர்மேல் எனக்குள்ள மதிப்பு பெரிது. இந்த விடையை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு பக்கம் எல்லையின்றி விரியும் அன்பு, தம்பியின் பக்கம் மட்டும் மரத்துப்போக வேண்டுமா? அவன் நினைவே உங்களுக்கு இராது என்று ஆறுதல் சொல்வோரும் உண்டு. தம்பியை மறந்த ஒருத்தி அங்கே மகிழ்ந்திருந்தால், அவள் நீங்கள்தானா?

லூக்கா நற்செய்தியின் 16ஆம் அதிகாரத்தில், பாதாளத்தில் வதைபடும் செல்வன் தன் வேதனைக்கு நடுவிலும், வீட்டில் இருக்கும் ஐந்து சகோதரர்களை எச்சரிக்க, இறந்து ஆபிரகாமின் மடியில் இருக்கும் ஏழை இலாசரை அனுப்பும்படி ஆபிரகாமிடம் மன்றாடுகிறான். நரகத்தில்கூட அணையாத உடன்பிறந்த பாசம் மோட்சத்தில் அணைந்துவிடும் என்று நான் எப்படி நம்புவது? மகாபாரதத்தின் முடிவில் தருமர் சுவர்க்கத்தை அடைகிறார். அங்கே துரியோதனன் இருக்கிறான், தம்பிகள் இல்லை. அவர்களைத் தேடி இருளும் நாற்றமும் நிறைந்த வழியில் போய்த் திரும்ப எண்ணும்போது, உம்மேல் பட்டு வரும் காற்று எங்களுக்கு இதமாக இருக்கிறது, சற்று நில்லும் என்ற குரல்கள் கேட்கின்றன. அவை தம்பிகளின் குரல்கள் என்று அறிந்ததும் அவர் அங்கேயே நின்றுவிடுகிறார்.

திருச்சபை எத்தனையோ பேரைப் புனிதர் என்று அறிவித்திருக்கிறது. இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று ஒருவரையும் அறிவித்ததில்லை. தீமை முற்றிலும் அழிந்து, எல்லாரும் ஒருநாள் கடவுளிடம் திரும்புவார்கள் என்று நான் மேலே சொன்ன கிரகோரியார் நம்பினார். உங்கள் தம்பியைப் பற்றி யாரும் தீர்ப்புச் சொல்லிவிடவில்லை. நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளன்று அவர் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுங்கள். அவருக்காகப் பூசைக்கு எழுதிக் கொடுக்கும்போது பெயரைத் தயங்காமல் முழுதாக எழுதுங்கள்.