பாடத் தெரியாதவர் இங்கிலாந்தில் ஃபோக் கிளப் (நாட்டுப்பாடல் சங்கம்) ‘சிங்கரவுண்ட்’டுக்குப் போகலாமா? அங்கே என்னதான் நடக்கும்?

தயங்காமல் போங்கள். எனக்கு சரளி வரிசைகூடத் தெரியாது. யார்க்‌ஷயரில் இருக்கும் ஷெஃபீல்டு நகரத்துக்கு வேலைக்கு வந்த இரண்டாவது வருடத்திலிருந்து, மாதம் ஒரு திங்கட்கிழமை ராத்திரி ஒரு பப்பின் மாடியறையில் போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறேன். முதல் நாலு மாதம் தனியாக ஒரு வரிகூடப் பாடவில்லை. அதற்காக யாரும் என்னை வேறு மாதிரி பார்த்ததும் இல்லை.

சிங்கரவுண்ட் என்றால் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு பாட்டாகச் சுற்றி வருவது. மேடை கிடையாது, மைக் கிடையாது. முறை வரும்போது பாடலாம், ஒரு கதையோ கவிதையோ சொல்லலாம், “பாஸ்” என்று சொல்லி அடுத்தவருக்கு விட்டுவிடலாம். ஓபன் மைக் வேறு, அங்கே பாடுபவரும் கேட்பவரும் தனித்தனி. ‘செஷன்’ என்பதும் வேறு, அது பெரும்பாலும் ஃபிடிலும் புல்லாங்குழலும் வைத்து மெட்டுகள் வாசிப்பது. சிங்கரவுண்டில் வாத்தியம் இல்லாமல் வெறும் குரலில் பாடுபவர்களே அதிகம்.

இதன் உயிர் பின்பாட்டில் இருக்கிறது. ஒருவர் தனக்கு வசதியான சுருதியில் ஆரம்பிப்பார். முதல் தடவை கோரஸ் வரும்போது மற்றவர்கள் மெதுவாகத் தொடர்வார்கள். இரண்டாம் தடவை ஆளாளுக்கு ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்வார்கள்: ஒருவர் மேலே, ஒருவர் கீழே, மூலையில் இருக்கும் கனத்த குரல்காரர் இன்னும் கீழே. நாம் பஜனையில் எல்லோரும் ஒரே சுரத்தில் சேர்ந்து பாடுவோம். இவர்கள் ஒரே வரியை வேறு வேறு சுரங்களில் அடுக்குகிறார்கள், அதுவும் ஒத்திகை இல்லாமல். முப்பது பேர் அப்படிப் பாடும்போது மரத்தரை அதிர்ந்து நாற்காலிக்கால் வழியாக உடம்புக்குள் ஏறும். அதை ஒரு தடவை அனுபவித்தவர் மறுபடி வராமல் இருக்க மாட்டார்.

2021 ஜனவரியில் ஸ்காட்லாந்துத் தபால்காரர் ஒருவர் டிக்டாக்கில் பாடிய திமிங்கல வேட்டைப் பாட்டு உலகம் முழுக்கப் பரவியது நினைவிருக்கும். கப்பல் பாட்டுகளில் ஒருவர் வரியை எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் பதில் சொல்வார்கள். கப்பலில் பாய்மரக் கயிறு இழுக்கும்போது அந்தப் பதில் வரியில்தான் எல்லோரும் சேர்ந்து ஒரே மூச்சில் இழுப்பார்கள். அதனால் புதியவர் நுழைய இதைவிட நல்ல வாசல் இல்லை. பதில் வரியைப் பிடித்துக்கொண்டால் நீங்களும் பாடியாகிவிட்டது.

ஷெஃபீல்டில் இந்தப் பழக்கம் ஆழமாக ஊறியிருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நகரத்தின் வடமேற்கு மலைக் கிராமங்களில் நவம்பர் நடுவிலிருந்து கிறிஸ்துமஸ் மறுநாள் வரை பப்புகளில் உள்ளூர் கரோல், அதாவது கிறிஸ்துமஸ் பாட்டுகள், பாடுவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேவாலயங்கள் ஓரங்கட்டிய பழைய கரோல்கள் பப்பில் அடைக்கலம் புகுந்து பிழைத்தன. ஸ்டானிங்டன், டங்வொர்த் பக்கம் டிசம்பரில் ஒரு ஞாயிறு மதியம் போய்ப் பாருங்கள்.

சரி, நீங்கள் போவதாக இருந்தால் தெரிந்துகொள்ள வேண்டியவை கொஞ்சம்தான். ஒருவர் பாடிக்கொண்டிருக்கும்போது கதவைத் திறக்காதீர்கள், வெளியிலேயே நின்று பாட்டு முடிந்ததும் நுழையுங்கள். மது குடிக்கவேண்டும் என்று இல்லை. ஆனால் அறையைப் பெரும்பாலும் இலவசமாகத் தருவதால் கீழே ஒரு எலுமிச்சை சோடாவாவது வாங்குவது மரியாதை. சில இடங்களில் தொப்பியைச் சுற்றிவிட்டு ஒன்றிரண்டு பவுண்ட் சேர்ப்பார்கள், சில இடங்களில் ராஃபிள் என்கிற குலுக்கல் சீட்டு. கைபேசியைப் பார்த்துப் பாடுவதைச் சில பெரியவர்கள் விரும்புவதில்லை. எனக்கும் அதுவே சரி என்று படுகிறது, திரையைப் பார்க்கிற கண் வட்டத்தைப் பார்ப்பதில்லை. நடுவில் வரி மறந்துவிட்டால் கவலை வேண்டாம், எங்கிருந்தாவது ஒரு குரல் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்கும்.

ஆங்கிலப் பாட்டு கற்க ஆசைப்பட்டால் ‘ரவுட் எண்’ உதவும். லண்டன் குரோய்டனில் நூலகராக இருந்த ஸ்டீவ் ரவுட், சுமார் 25,000 நாட்டுப்பாடல்களுக்கு எண் கொடுத்து அட்டவணை போட்டிருக்கிறார். ஒரே பாட்டு பத்து ஊரில் பத்துப் பெயரில் இருந்தாலும் எண் ஒன்றுதான். கேம்டனில் இருக்கும் செசில் ஷார்ப் ஹவுஸ் நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். பிடித்த பாட்டைக் கேட்டால் பாடியவரிடமே எண்ணைக் கேளுங்கள், மகிழ்ந்துபோவார்.

அப்புறம், நான் முதலில் பாடிய ராத்திரியைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கிளப்பில் சில மாதங்களுக்குத் தலைப்பு உண்டு. பறவை, ரயில், அறுவடை என்று ஏதாவது ஒன்று. தலைப்பு இல்லாவிட்டால் அவரவர் கைவசம் உள்ள நாலு பாட்டிலேயே வண்டி ஓடும். தலைப்பு வந்தால் மனசு அடிப்பெட்டி வரை துழாவும். அந்த மார்ச் மாதத் தலைப்பு ‘தண்ணீர்’. மார்ச்சில் அதை வைத்ததற்குக் காரணம் இருந்தது. 1864 மார்ச் 11 அன்று நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால், புதிதாகக் கட்டி முதல் முறையாக நிரம்பிக்கொண்டிருந்த டேல் டைக் அணை உடைந்தது. லாக்ஸ்லி பள்ளத்தாக்கு வழியாக வெள்ளம் ஷெஃபீல்டின் மாலின் பிரிட்ஜுக்கும் ஹில்ஸ்பரோவுக்கும் வந்து சுமார் 240 பேரைக் கொண்டுபோனது.

கப்பல் பாட்டு இரண்டு வந்தது. கால்வாய்ப் படகுக்காரர் பாட்டு, கடலில் காணாமல் போன மாலுமிக்காகக் காத்திருக்கும் பெண்ணின் நீண்ட கதைப்பாட்டு. பிறகு ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், அந்த வெள்ளத்தைப் பற்றித் தானே எழுதிய பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். அதில் கோரஸ் இல்லை. முடிந்ததும் கொஞ்ச நேரம் யாரும் கைதட்டவில்லை. நான் பப்புக்கு வரும் பேருந்து தினமும் அந்த வெள்ளம் வந்த வழியாகத்தான் வருகிறது என்று அப்போதுதான் உறைத்தது.

அவருக்கு இரண்டு பேர் தள்ளி நான். தமிழில் பாடலாமா என்று நடத்துபவரிடம் முன்பே கேட்டிருந்தேன். 1960களில் லண்டனில் நாட்டுப்பாடகர்கள் ஈவன் மக்காலும் பெகி சீகரும் நடத்திய சிங்கர்ஸ் கிளப்பில், பாடுபவர் தன் மொழிப் பாட்டையே பாட வேண்டும் என்று ஒரு கொள்கையே இருந்தது என்றார் அவர். அதை எல்லோருக்கும் விதியாக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை, இவர்கள் பாட்டைக் கற்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அந்தச் சொல் எனக்கு ஊன்றுகோலாக இருந்தது.

என் தாத்தா திருவண்ணாமலைப் பக்கம் ஏற்றம் இறைத்தவர். துலாவின் மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடக்க, தாத்தா கீழே கிணற்றோரம் நின்று சால் என்கிற வாளியைத் தாழ்த்தித் தண்ணீரைக் கவிழ்ப்பார். பாட்டுதான் கணக்கு, ஒவ்வொரு அடியும் ஓர் எண்ணில் முடியும். நூறு சால் ஆனதும் கிணற்று மேட்டில் ஒரு புளியங்கொட்டையை வைப்பார். பம்புசெட் வந்து ஏற்றம் போன பிறகும் பாட்டு மட்டும் அவரிடம் இருந்தது. திண்ணையில் என் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவார். இதையெல்லாம் அந்த வட்டத்துக்கு இரண்டு நிமிடத்தில் சொல்லி, எண்ணை மட்டும் எனக்குப் பின்னால் திருப்பிச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

ஏற்றப்பாட்டுக்கு எதிர்ப்பாட்டு இல்லை என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. அந்த ராத்திரி எதிர்ப்பாட்டு இருந்தது. ஒண்ணும் ரெண்டும் தயங்கித் தயங்கி வந்தன. ஆறு வருவதற்குள் மூலையில் இருந்த அந்தக் கனத்த குரல் கீழே ஓர் இடம் பிடித்துவிட்டது. ஒன்பதை முப்பது யார்க்‌ஷயர் குரல்கள் மூன்று சுரத்தில் பாடின. இருபதில் நிறுத்தினேன். தாத்தா இருந்திருந்தால் நூறு வரை போயிருப்பார்.

இடைவேளையில் கான்செர்ட்டினா என்கிற சின்னத் துருத்தி வாத்தியம் வாசிக்கும் ஒரு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எழுபதுக்கு மேல் இருக்கும். இங்கே வயதானவர்கள் யாரையும் ‘லவ்’ என்றுதான் கூப்பிடுவார்கள், எங்கள் ஊரில் ‘கண்ணு’ என்பது மாதிரி. “இங்கேயும் பழைய எண்ணிக்கை உண்டு லவ், ஆடு எண்ணுகிற எண்ணிக்கை” என்று விரலை மடக்கினார். யான், டான், டெதெரா. ஐந்துக்குப் பிம்ப். அவற்றில் பெரும்பாலானவை ஆங்கில எண்களோடு ஒட்டாதவை. வேல்ஸ் மொழியிலும் ஐந்துக்குக் கிட்டத்தட்ட அதே ஒலிதான். இருபதுக்கு மேல் எண்ணிக்கை கிடையாதாம். இருபது ஆனதும் மேய்ப்பன் ஒரு கல்லைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு மறுபடி யானிலிருந்து தொடங்குவானாம்.

“நீ சொன்ன அந்தக் கொட்டை எப்படி இருக்கும்?” என்று கேட்டார். அடுத்த மாதம் வீட்டுப் புளியிலிருந்து நாலு கொட்டைகளைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, கான்செர்ட்டினா பெட்டிக்குள் போட்டு மூடினார். இன்னும் அதில்தான் இருக்கின்றன. அவர் பெட்டியைத் தூக்கும்போதெல்லாம் உள்ளே உருளும் சத்தம் கேட்கும்.