வாசகர் கேள்வி: நாமே செய்வதா, ஆள் கூப்பிடுவதா?

பெயிண்டர் கேட்கிற கூலி கட்டுப்படியாகவில்லை. நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து இரண்டு அறைக்கு நாங்களே அடித்துக்கொள்ளலாமா? (தக்கலை வாசகி)

தாராளமாக அடியுங்கள். வீட்டு வேலையில் நாமே இறங்கலாமா என்று யோசிக்கும்போது நான் பார்ப்பது ஒன்றைத்தான்: தப்பாகப் போனால் கண்ணுக்குத் தெரியுமா, திரும்பச் செய்ய முடியுமா? பெயிண்ட் இரண்டுக்கும் சரி. திட்டுத் திட்டாக வந்தால் தேய்த்துவிட்டு இன்னொரு கோட்டிங் கொடுக்கலாம், யாருக்கும் ஆபத்தில்லை.

ஆனால் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் காலம் பார்த்துத்தான் இறங்க வேண்டும். நமக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. ஒரு வருடம் தீபாவளிக்குள் முடித்துவிட வேண்டும் என்று நான் ஐப்பசியில் அடித்தேன். பொங்கலுக்குள் ஜன்னலுக்குக் கீழே கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பித் தோல் உரிந்துவிட்டது. தொட்டுப் பார்த்தபோது காய்ந்த மாதிரி இருந்த சுவர்தான், உள்ளே ஈரம் இருந்திருக்கிறது. மாசி, பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு முழம் பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் முழுக்க விட்டுப் பாருங்கள், தாளுக்கு உள்ளே முத்து முத்தாக வியர்த்திருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். அப்புறம், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, தூசி துடைப்பது, பிரைமர் அடிப்பது, இதில்தான் பாதி நாள் போகும். அதைக் குறைக்காதீர்கள். மாடிப்படிக்கு மேலே இருக்கிற உயரமான சுவருக்கு மட்டும் ஆள் வையுங்கள், ஏணியைப் படிக்கட்டில் சாய்த்து நிற்பது பழகாதவர்கள் செய்கிற காரியம் இல்லை.

குளச்சல் பக்கம் கடலோரத்தில் வீடு, கட்டி இருபத்தைந்து வருடம் ஆகிறது. படுக்கை அறையில் மேல் கான்கிரீட் பத்தை பத்தையாக விழுந்து கம்பி தெரிகிறது. மருமகன் "ஒரு மூட்டை சிமெண்ட் வாங்குங்க மாமா, நானே பூசிடுறேன்" என்கிறான். விடலாமா?

விடாதீர்கள் ஐயா. இன்று ராத்திரியிலிருந்து அந்த அறையில் யாரும் படுக்கவும் வேண்டாம், முதல் வேலை அதுதான்.

உங்கள் வீட்டில் நடப்பது இது: கடல் காற்றில் வருகிற உப்பு வருடக்கணக்காகக் கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. (கட்டும்போதே கடல் மணலையோ உப்புத் தண்ணீரையோ கலந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.) துரு சும்மா இருக்காது. தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அந்த வீக்கம்தான் கான்கிரீட்டை உள்ளேயிருந்து தள்ளிக் கீழே போடுகிறது. அதன் மேல் சிமெண்ட் பூசினால் துரு நிற்காது, நம் கண்ணுக்கு மறையும், அவ்வளவுதான். பூசிய இடம் பிறகு இன்னும் பெரிய பத்தையாக வரும்.

முதலில் மேஸ்திரியை அல்ல, இந்த மாதிரி வேலை பார்த்த ஒரு சிவில் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். அவர் தட்டிப் பார்ப்பார். டொப் டொப்பென்று சத்தம் வருகிற இடமெல்லாம் உள்ளே பிடிப்பு விட்டுப்போன இடம். கம்பி எவ்வளவு மெலிந்திருக்கிறது, கூடுதல் கம்பி வேண்டுமா, வீட்டைத் தாங்க முட்டு கொடுக்க வேண்டுமா என்பதெல்லாம் அவர் சொல்ல வேண்டியது. வேலை தொடங்கியதும் நீங்கள் விடாமல் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு: கம்பியின் அடிப்பக்கத்தை மட்டும் சுரண்டினால் போதாது, கம்பிக்கு மேலே விரல் நுழைகிற அளவுக்குக் கொத்தி எடுத்து, சுற்றிலும் துரு போய் இரும்பு பளிச்சென்று தெரிகிறவரை தேய்க்க வேண்டும். அதற்கப்புறம்தான் துருத் தடுப்புப் பூச்சு, பாலிமர் கலந்த கலவை எல்லாம். "நான் பார்க்காமல் மூடாதீர்கள்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், நல்ல வேலைக்காரர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

மருமகனின் ஆர்வம் வீணாகவும் வேண்டாம். மொட்டை மாடியில் சருகு அடைத்த தண்ணீர்க் குழாயைச் சுத்தம் செய்வது, தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று மழை விட்டதும் பார்த்துச் சாக்பீஸால் வட்டம் போட்டு வைப்பது, இதை அவர் செய்யட்டும். இன்ஜினியருக்கு அது பெரிய உதவி.

மழை பெய்தால் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே லைனை நிறுத்துகிற பெட்டி) அடிக்கடி விழுகிறது. தம்பி அதை எடுத்துவிட்டு நேராக லைன் கொடுத்துவிடலாம் என்கிறான். (மார்த்தாண்டம்)

வேண்டவே வேண்டாம். நம் வீடுகளில் மாட்டுகிற அந்தப் பெட்டி பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை நிறுத்துகிற வகை. அது விழுகிறது என்றால் எங்கேயோ கரண்ட் கசிகிறது, உங்கள் வீட்டில் ஒரு உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தம்பி செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. எல்லா எம்.சி.பி.யையும் (ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனியாக இருக்கிற சுவிட்ச்) இறக்கிவிட்டு, ஆர்.சி.சி.பி.யை ஏற்றி, காய்ந்த கையால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கட்டும். எதைப் போடும்போது விழுகிறதோ அந்த லைனில் கோளாறு. மழை நாளில் பெரும்பாலும் கிணற்று மோட்டாரோ வெளி லைட்டோதான். அதைக் குறித்து வையுங்கள், மூடியைக் கழற்றுகிற வேலை லைசென்ஸ் உள்ள வயர்மேனுக்கு. தேடுகிற நேரம் குறைவதால் அவருக்கும் சுலபம்.

குலசேகரத்தில் எங்கள் பழைய ஓட்டு வீட்டில் ஒரே ஓடு உடைந்து ஒழுகுகிறது. ஒரு ஓட்டுக்கு யாரும் வர மாட்டேன் என்கிறார்கள்.

சீலிங் அடிக்காத, கூரை தாழ்ந்த வீடு என்றால் மேலே ஏறவே வேண்டாம். உள்ளே உறுதியான மேஜை போட்டு ஏறி, உடைந்ததற்கு மேல் வரிசை ஓட்டை உள்ளங்கையால் லேசாகத் தூக்கிப் பிடித்தால் உடைந்தது கழன்று வரும், அதே வழியில் புதியதை நுழைத்து அதன் குமிழ் ரீப்பரில் (ஓட்டைத் தாங்குகிற குறுக்குச் சட்டம்) மாட்டுகிறதா என்று தடவிப் பாருங்கள். கீழே ஒருவர் மேஜையைப் பிடித்துக்கொள்ளட்டும். புது ஓடு பழைய அளவுக்குப் பொருந்தாமல் போகலாம், அதனால் உடைந்த துண்டைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். ரீப்பர் இற்றுப்போய்க் கையில் பொடியாக வந்தால் ஓடு மாற்றுவதை அப்படியே விட்டுவிட்டு ஆசாரியைக் கூப்பிடுங்கள், அப்போது அவர் கண்டிப்பாக வருவார்.