டால்மட்ஜ் திருத்தம்: நிறைவேறியதா, தோற்றதா?

வணக்கம். அமெரிக்க காங்கிரசில் வந்த டால்மட்ஜ் திருத்தம் பற்றி ஒரு புத்தகத்தில் ‘நிறைவேறியது’, இன்னொன்றில் ‘தோற்றது’ என்று இருக்கிறதே, கட்டுரையில் எதை எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே சரிதான். காங்கிரசின் இரண்டு அவைகளான பிரதிநிதிகள் சபை, செனட் ஆகியவற்றில் எந்த அவையில் என்பதைத்தான் அவர்கள் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

பிரதிநிதிகள் சபையின் நியூயார்க் உறுப்பினர் ஜேம்ஸ் டால்மட்ஜ், 1819 பிப்ரவரியில், மிசௌரியை மாநிலமாக்கும் மசோதாவில் இரண்டு நிபந்தனைகளைச் சேர்க்கச் சொன்னார். இனி அங்கே புதிதாக அடிமைகளைக் கொண்டுவரக் கூடாது. மாநிலமான பிறகு அடிமைத் தாய்க்குப் பிறக்கும் பிள்ளைகளுக்கு 25 வயதில் விடுதலை. பிரதிநிதிகள் சபை முதலாவதை 87-76 என்றும், இரண்டாவதை 82-78 என்றும் ஏற்றது. நாலே ஓட்டு! செனட் இரண்டையும் தள்ளிவிட்டது.

உங்கள் வரைவில் ‘மிசௌரி அடிமைகளை விடுவிக்கும் சட்டம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே அங்கே அடிமைகளாக இருந்த சுமார் பத்தாயிரம் பேரை அது தொடவே இல்லை. இந்த அளவுக்கே தென்மாநிலத்தார் கொதித்துப் போனார்கள். ரத்தக் கடலால் மட்டுமே அணைக்க முடிகிற தீயை மூட்டிவிட்டீர்கள் என்றார் ஜார்ஜியாவின் தாமஸ் காப். டால்மட்ஜ் அசரவில்லை. உள்நாட்டுப் போர் வந்துதான் தீரும் என்றால் வரட்டும் என்று திருப்பிச் சொன்னார். கட்டுரையை இந்த இடத்தில் தொடங்கினால் நன்றாக இருக்கும்.

அப்புறம், மிசௌரியை அடிமை மாநிலமாகவே சேர்க்க வழிசெய்த 1820 மிசௌரி சமரசத்தை இவர் கணக்கில் சேர்க்காதீர்கள். 1819 மார்ச்சிலேயே இவருடைய பதவிக்காலம் முடிந்துவிட்டது. மிசௌரி தவிர, இதற்கு வடக்கே உள்ள பகுதிகளில் அடிமைமுறை கூடாது என்று அந்தச் சமரசம் வகுத்த 36°30' அட்சரேகை எல்லைக்கோடு இல்லினாய் செனட்டர் ஜெஸ்ஸி தாமஸ் கொண்டுவந்தது.