முகக்கவசத்துக்குப் பணம் கொடுக்கலாம், கையுறைக்குத் தேவையில்லை

கேள்வி: முகக்கவசத்தால் பயனே இல்லை என்று ஆய்விலேயே நிரூபித்துவிட்டார்கள் என்கிறார் என் மைத்துனர். கொரோனா வைரஸின் அளவு 0.1 மைக்ரான்தான், கவசத்தின் துளை அதைவிடப் பெரியது, பிறகு எப்படித் தடுக்கும் என்றும் கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டில் வயதான மாமியார் இருக்கிறார். இனி ஒரு பெருந்தொற்று வந்தால் முகக்கவசத்துக்குச் செலவு செய்வது வீணா?
— வாசகி, ஈரோடு

பதில்: வீண் இல்லை. வயதானவர் இருக்கும் வீட்டில் நிச்சயமாக வீண் இல்லை.

துளைக் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். முகக்கவசம் சல்லடை போல வேலை செய்தால் உங்கள் மைத்துனர் சொல்வது சரி. ஆனால் அது அப்படி வேலை செய்வதில்லை. தரமான கவசத்தின் நடு அடுக்கு, மெல்ட்புளோன் எனப்படும் பாலிபுரோப்பிலீன் இழைகளால் ஆனது. நெய்த துணியில் இருப்பது போன்ற ஒழுங்கான கண்கள் அதில் கிடையாது. நுண்ணிய இழைகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். அவற்றில் நிலைமின்னூட்டமும் ஏற்றப்பட்டிருக்கும். பெரிய துகள், காற்று வளையும்போது தானும் வளைய முடியாமல் இழையில் மோதி ஒட்டிக்கொள்கிறது. மிகச் சிறிய துகளோ காற்று மூலக்கூறுகளால் இடிபட்டு, நேராகச் செல்ல முடியாமல் அலைந்து, ஏதாவது ஓர் இழையில் சிக்குகிறது. மின்னூட்டம் இரண்டையும் இழுக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே, ஏறத்தாழ 0.3 மைக்ரான் அளவில் இருப்பதைப் பிடிப்பதுதான் கடினம். அமெரிக்க அரசின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ், என்95 கவசங்களை அந்தக் கடினமான அளவை ஒட்டித்தான் சோதிக்கிறது. அதில் குறைந்தது 95 சதவீதத்தைப் பிடித்தால்தான் அந்தப் பெயர். ஆகவே, ‘அதைவிடச் சிறியது, தப்பிவிடும்’ என்ற வாதம் நிற்காது. தவிர, வைரஸ் தனியாகப் பறந்து வருவதில்லை. பேசும்போதும் இருமும்போதும் வெளியேறும் துளிகளிலும் நுண்துளிகளிலும் ஏறித்தான் வருகிறது.

அடுத்தது ஆய்வுகள். உங்கள் மைத்துனர் எதைப் படித்தார் என்று ஊகிக்க முடிகிறது. 2020-ல் டென்மார்க்கில் சுமார் 6,000 பேரிடம் நடந்த ஆய்வில், கவசம் பரிந்துரைக்கப்பட்டவர்களில் 1.8 சதவீதத்தினருக்கும் மற்றவர்களில் 2.1 சதவீதத்தினருக்கும் தொற்று ஏற்பட்டது. பயன் உண்டு என்றோ இல்லை என்றோ உறுதியாகச் சொல்ல இந்த வேறுபாடு போதாது. சொன்னபடி முழுமையாகக் கவசம் அணிந்ததாகத் தெரிவித்தவர்கள் பாதிக்கும் குறைவு. அணிந்தவரால் அடுத்தவருக்குக் கிடைத்த பாதுகாப்பை அந்த ஆய்வு அளக்கவே இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2023 ஜனவரியில் வெளியிட்ட தொகுப்பாய்வும் ‘கவசம் பயனற்றது’ என்று பரப்பப்பட்டது. அப்படிப் பொருள்கொள்வது தவறு, முடிவு தெளிவாகக் கிடைக்கவில்லை என்பதே பொருள் என்று அந்த அமைப்பின் தலைமை ஆசிரியரே மார்ச் மாதம் விளக்கம் வெளியிட்டார். அந்த விளக்கம் முதல் செய்தி போன தூரத்தில் பாதிகூடப் போகவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

நம் சூழலுக்கு நெருக்கமானது வங்கதேசத்தில் நடந்த ஆய்வு. சுமார் 600 கிராமங்கள், ஏறத்தாழ 3.4 லட்சம் பேர். பாதி கிராமங்களில் இலவசக் கவசம் கொடுத்து, அணியும்படி தொடர்ந்து நினைவூட்டினார்கள். முறையாக அணிந்தவர்கள் 13 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாக உயர்ந்தார்கள். அறிகுறியோடு உறுதியான தொற்று, அறுவைசிகிச்சைக் கவசம் கொடுத்த கிராமங்களில் 11 சதவீதம் குறைந்தது. அங்கே 60 வயதைத் தாண்டியவர்களிடம் 35 சதவீதம் குறைந்தது. துணிக் கவசம் கொடுத்த கிராமங்களில் இவ்வளவு தெளிவான பயன் தெரியவில்லை. பாதிப் பேர்கூட அணியாத இடத்திலேயே முதியவர்களுக்கு இந்த அளவு பாதுகாப்பு கிடைத்திருக்கிறது. உங்கள் மாமியாருக்காக நீங்கள் செய்யும் செலவுக்கு இதைவிட நல்ல நியாயம் எனக்குத் தெரியவில்லை.

இது இன்று நேற்று தோன்றிய சிந்தனையும் அல்ல. 1910-11-ல் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது, பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியன் தே, நோய் மூச்சுக்காற்று வழியே பரவுகிறது என்று கண்டு, பஞ்சு வைத்த சல்லாத்துணிக் கவசத்தை அணியச் சொன்னார். அதை ஏற்காமல் கவசமின்றி நோயாளிகளைப் பார்த்த பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி அந்த நோயிலேயே இறந்தார்.

கேள்வி: பலசரக்குக் கடையில் பில் போடும் வேலை செய்கிறேன். கொரோனா காலத்தில் முதலாளி தினமும் ஒரு ஜோடி கையுறை கொடுத்து, அந்தச் செலவைச் சம்பளத்தில் பிடித்தார். வீட்டிலும் காய்கறி வாங்கப் போக ஒரு பெட்டி வாங்கினோம். உண்மையில் அதனால் பாதுகாப்பு இருந்ததா?
— வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் வேலையில் கையுறையால் கிடைத்த பாதுகாப்பு மிகக் குறைவு. அந்தப் பணத்துக்குச் சோப்பும் தண்ணீரும் உங்களுக்குக் கூடுதலாகச் செய்திருக்கும்.

கொரோனா தோல் வழியாக உடலுக்குள் நுழைவதில்லை. அசுத்தமான கை மூக்கையோ கண்ணையோ வாயையோ தொட்டால்தான் ஆபத்து. கையுறை போட்ட விரலும் அதே மூக்கைத் தொடும். நீங்கள் ரூபாய் நோட்டை வாங்குவதும், பொத்தானைத் தட்டுவதும், செல்பேசியை எடுப்பதும், நழுவிய கவசத்தை இழுத்துவிடுவதும் அந்த ஒரே கையுறையோடுதான். வெறும் கையாக இருந்தால் கழுவ வேண்டும் என்ற நினைவாவது வரும். கையுறை அந்த நினைவை எடுத்துவிடுகிறது. பொதுமக்கள் கடைகண்ணிகளில் கையுறை அணிய வேண்டியதில்லை, கை கழுவுவதே மேல் என்று உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்றின் நடுவிலேயே சொன்னது. தொட்ட பரப்பிலிருந்து தொற்று வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் மதிப்பிட்டது. அந்த நோய் முக்கியமாகக் காற்றில் பரவியது. நாளெல்லாம் வாடிக்கையாளர் முகத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்த உங்களுக்கு நல்ல கவசமும், திறந்த ஜன்னலும்தான் தேவைப்பட்டன. அவற்றுக்குச் செலவிடாமல், பயன் குறைந்த ஒன்றை வாங்கி, அதையும் உங்கள் சம்பளத்தில் கழித்தது சரியல்ல. இனி இப்படி நேர்ந்தால் இந்தப் பதிலை முதலாளியிடம் காட்டுங்கள்.

கையுறை தேவைப்படும் இடங்களும் உண்டு. வீட்டில் நோயாளியின் வாந்தி, மலம், சளி, அவை பட்ட துணிகளைக் கையாளும்போது அணியுங்கள். கழற்றியதும் கை கழுவுங்கள். பிளீச்சிங் பவுடர் கரைசலால் தரை துடைப்பவர்களுக்குத் தடித்த ரப்பர் கையுறை வேண்டும். ஒருமுறை பயன்பாட்டுக் கையுறை வாங்குவதானால் நைட்ரைல் நல்லது; லேடெக்ஸ் சிலருக்கு ஒவ்வாமை தரும். பவுடர் தடவிய மருத்துவக் கையுறைகளை அமெரிக்கா 2017 முதல் தடைசெய்துவிட்டது, நாமும் தவிர்க்கலாம். கையுறைமேல் சானிடைசர் பூசி நாள் முழுவதும் ஓட்டுவது வேண்டாம், அதன் பொருள் கெட்டுவிடும். உதிரியாகவோ திறந்த பெட்டியிலோ விற்பதை வாங்கவே வாங்காதீர்கள். பயன்படுத்திய நைட்ரைல் கையுறைகளைக் கழுவிப் புதிய பெட்டியில் அடைத்து தாய்லாந்திலிருந்து அமெரிக்காவுக்கு அனுப்பிய மோசடி 2021-ல் வெளிவந்தது.

கேள்வி: மருந்துக்கடையில் என்95, கேஎன்95, எஃப்எஃப்பி2, மூன்றடுக்கு என்று அடுக்கிவைத்திருக்கிறார்கள். விலையும் பத்து மடங்கு வேறுபடுகிறது. எதைப் பார்த்து வாங்குவது?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: பெயரைப் பார்க்காதீர்கள், கவசத்தின் மேலேயே அச்சிட்டிருக்கும் தர எண்ணைப் பாருங்கள். என்95 என்பது அமெரிக்கத் தரம். அசல் கவசத்தின் மேல் நியோஷ் என்ற பெயரும் ‘டிசி-84ஏ’ என்று தொடங்கும் எண்ணும் இருக்கும், பட்டைகள் தலையைச் சுற்றி வரும். காதில் மாட்டும் வளையத்தோடு ‘நியோஷ் அங்கீகாரம்’ என்று விற்றால் சந்தேகப்படுங்கள். குழந்தைகளுக்கான நியோஷ் என்95 என்று யாராவது விற்றால் அது பொய். குழந்தைக் கவசம் எதற்கும் அந்த அமைப்பு ஒப்புதல் தருவதில்லை. கேஎன்95 சீனத் தரம், கேஎஃப்94 கொரியத் தரம்.

நம் நாட்டில் இதற்கு இணையானது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 9473 தரத்தில் வரும் எஃப்எஃப்பி2. மூன்றடுக்கு அறுவைசிகிச்சைக் கவசத்துக்கு ஐஎஸ் 16289. ஐஎஸ்ஐ முத்திரையும் ‘சிஎம்/எல்’ உரிம எண்ணும் இருந்தால், அந்த அமைவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அந்த எண்ணை இட்டு உரிமம் உண்மையா என்று அங்கேயே, கடையில் நின்றபடியே சரிபார்க்கலாம். ‘ஐஎஸ்ஓ 9001 பெற்றது’ என்பது தொழிற்சாலையின் நிர்வாக முறைக்கான சான்று. கவசம் எவ்வளவு வடிகட்டும் என்று அது சொல்லாது. நானோ வெள்ளி, மூலிகை, நறுமணம் என்ற பெயர்களில் கூடுதல் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

வாங்கிய பிறகு பொருத்தம் பாருங்கள். என் கருத்தில் விலையைவிட இது முக்கியம். அணிந்துகொண்டு மூக்குக் கம்பியை அழுத்தி, பலமாக மூச்சு விடுங்கள். கண்ணாடி அணிபவருக்குப் பனி படிந்தால், அல்லது கன்னத்தோரம் காற்று பட்டால், கவசம் வடிகட்டாத காற்றைத்தான் நீங்கள் சுவாசிக்கிறீர்கள். முன்னூறு ரூபாய்க் கவசமும் அப்போது முப்பது ரூபாய் வேலையைக்கூடச் செய்யாது. அடர்ந்த தாடி இருந்தாலும் இதே கதைதான். மூன்றடுக்குக் கவசமானால் காது வளையத்தில் முடிச்சுப் போட்டு ஓரத்தை உள்ளே மடித்துக்கொள்ளலாம், அல்லது மேலே ஒரு துணிக் கவசம் அணியலாம். இரண்டுமே இடைவெளியை நன்றாகக் குறைக்கும்.

வால்வு வைத்தது வேண்டாம். நீங்கள் விடும் மூச்சு அதன் வழியே வடிகட்டாமல் வெளியேறும். மத்திய சுகாதாரத் துறை 2020 ஜூலையிலேயே மாநிலங்களுக்கு இதை எழுதி எச்சரித்தது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கவசம் தேவையில்லை.

கேள்வி: என்95 கவசத்தைத் துவைத்து மறுபடி அணியலாமா? தூக்கி எறிவதானால் எப்படி?
— வாசகர், சேலம்

பதில்: துவைக்கக் கூடாது. சோப்பும் சானிடைசரும் நான் மேலே சொன்ன மின்னூட்டத்தை அழித்துவிடும். பார்ப்பதற்குப் புதிதாக இருக்கும், வடிகட்டாது. தட்டுப்பாட்டுக் காலத்தில் மருத்துவமனைகளுக்குச் சொல்லப்பட்ட வழி வீட்டுக்கும் பொருந்தும்: ஐந்து கவசங்களை வைத்துக்கொண்டு, அணிந்ததைக் காகிதப் பையில் போட்டு ஐந்து நாள் விட்டு மறுபடி எடுப்பது. ஒரு கவசத்தை ஐந்து முறைக்கு மேல் வேண்டாம். பட்டை தளர்ந்தாலோ, ஈரமானாலோ, கிழிந்தாலோ உடனே கழித்துவிடுங்கள்.

எறியும்போது தூய்மைப் பணியாளர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அதை வெறுங்கையால் பொறுக்கப் போகிறவர்கள் அவர்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னபடி 72 மணி நேரம் தனிப் பையில் வைத்திருந்து, பிறகு வெட்டிக் குப்பையில் போடுங்கள். வெட்டுவது, மறுபடி சந்தைக்கு வராமல் தடுக்கவும்தான்.

கேள்வி: இணையத்தில் ‘அசல் என்95’ என்று வாங்கிய பெட்டியில் எந்த முத்திரையும் இல்லை. மருந்துக்கடையிலும் ஒருமுறை அச்சிட்ட விலையைவிட அதிகம் வாங்கினார்கள். என்ன செய்யலாம்?
— வாசகர், தூத்துக்குடி

பதில்: இரண்டும் தனித்தனிப் புகார்கள்.

இணையத்தில் வாங்கியதற்கு, விளம்பரப் பக்கத்தை உடனே படமெடுத்து வையுங்கள், பிறகு அதை மாற்றிவிடுவார்கள். பெட்டி, கவசம், பில் ஆகியவற்றையும் படமெடுங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அந்தத் தளத்தில் குறைதீர் அதிகாரி இருக்க வேண்டும். 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குத் தாக்கல் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இணையம் வழியாகவே தாக்கல் செய்யலாம். இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். ‘சின்னத் தொகைதானே’ என்று விட்டுவிடாதீர்கள். போலிக் கவசத்தை நம்பி யாரோ ஒருவர் நோயாளியின் அருகில் போய் நிற்பார்.

அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குவது எடையளவுச் சட்டப்படி குற்றம். தமிழ்நாட்டில் இதைத் தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவு கவனிக்கிறது. பில்லோடு அங்கே எழுதிக் கொடுங்கள். 2020 மார்ச்சில் மத்திய அரசு முகக்கவசத்தை அத்தியாவசியப் பொருளாக அறிவித்து, இரண்டடுக்குக் கவசத்துக்கு 8 ரூபாய், மூன்றடுக்குக்கு 10 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது; ஜூன் இறுதி வரை அது நீடித்தது. தட்டுப்பாடு வந்தால் மறுபடி அப்படி ஓர் அறிவிப்பு வரலாம். வந்தால் அந்தச் செய்தியை வெட்டிப் பையிலேயே வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பில் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.