வெறும் காகிதமா?

கேள்வி: ஐரோப்பிய நாடாளுமன்றம் பெலாரஸ், ஜார்ஜியா, அஜர்பைஜான், மொராக்கோ என்று அக்கம்பக்கத்து நாடுகளின் மனித உரிமை, ஜனநாயகம் பற்றி மாதம் தவறாமல் தீர்மானம் போடுகிறது. யாரும் மதிப்பதாகத் தெரியவில்லை. வெறும் காகிதம்தானே? அடுத்த நாட்டு விவகாரத்தில் தலையிட இவர்களுக்கு என்ன உரிமை? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: வெறும் காகிதம் என்கிறீர்கள். அந்தக் காகிதம் வெளியே வராமல் தடுக்க எவ்வளவு பணம் கை மாறியிருக்கிறது என்று பார்த்தீர்களா?

2013 ஜனவரியில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓர் அறிக்கை வாக்கெடுப்புக்கு வந்தது. அஜர்பைஜான் சிறைகளில் இருந்த அரசியல் கைதிகளைப் பற்றியது. தயாரித்தவர் ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் ஸ்ட்ரேஸர். அவர் நேரில் போய் விசாரிக்க அஜர்பைஜான் விசா கொடுக்கவில்லை. இருந்தும் எழுதி முடித்துக் கொண்டுவந்தார். ஆதரவு 79, எதிர்ப்பு 125. அறிக்கை தோற்றது. அடுத்த சில ஆண்டுகளில் கதை வெளியே வந்தது. அஜர்பைஜான் தலைநகர் பாக்குவிலிருந்து உறுப்பினர்களுக்குக் கேவியர் (விலையுயர்ந்த மீன் முட்டை) டப்பாக்கள், கம்பளங்கள், செலவில்லாத சொகுசுப் பயணங்கள். இத்தாலிய உறுப்பினர் ஒருவரோடு தொடர்புடைய கணக்குகளுக்கு 20 லட்சம் யூரோவுக்கு மேல் வந்திருந்தது. 2018இல் சுயேச்சையான விசாரணைக் குழு ஊழல் நடந்ததாக வலுவான சந்தேகம் இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தது. முன்னாள் உறுப்பினர்கள் பலருக்கு அந்தக் கட்டடத்துக்குள் நுழைய ஆயுள் தடை போட்டார்கள். ஒரு காகிதத்துக்கு மதிப்பில்லை என்றால் ஓர் எண்ணெய் நாடு அதற்கு இவ்வளவு செலவு செய்யுமா?

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த வாக்கெடுப்பு நடந்தது நீங்கள் கேட்கிற ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் அல்ல. ஐரோப்பிய கவுன்சில் என்ற வேறொரு அமைப்பின் நாடாளுமன்றப் பேரவையில். இரண்டும் ஸ்ட்ராஸ்பர்க்கில் கூடுகின்றன. நம் நாளிதழ்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகின்றன. நான் இதைப் பல முறை இந்தப் பக்கத்தில் எழுதிவிட்டேன், திருந்துவதாக இல்லை. கவுன்சிலில் 46 நாடுகள். அஜர்பைஜானே 2001 முதல் அதில் உறுப்பு நாடு. அங்கே உட்காருபவர்கள் அவரவர் நாட்டு நாடாளுமன்றத்திலிருந்து அனுப்பப்பட்டவர்கள். ஐரோப்பிய நாடாளுமன்றம் என்பது 27 நாடுகளின் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு உரியது. 1979 முதல் மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். இப்போது 720 உறுப்பினர்கள். மாதாமாதம் பிரஸ்ஸல்ஸிலிருந்து ஸ்ட்ராஸ்பர்க்குக்கு மூட்டை கட்டிக்கொண்டு போகிறார்களே, அந்தச் செலவைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். தீர்மானங்களைத் திட்டாதீர்கள்.

ஐரோப்பிய நாடாளுமன்றம் மட்டும் சுத்தமா என்றால், இல்லை. 2022 டிசம்பரில் பெல்ஜியப் போலீஸ் வீடுகளிலும் ஒரு ஹோட்டலிலும் சோதனை போட்டபோது கிடைத்த ரொக்கம் சுமார் 15 லட்சம் யூரோ. அப்போது துணைத் தலைவராக இருந்தவரே கைதானார். வழக்கின் மையத்தில் இருந்தவர் யார் தெரியுமா? அதே நாடாளுமன்றத்தின் மனித உரிமைத் துணைக்குழுவுக்கு முன்பு தலைவராக இருந்தவர்! கத்தார், மொராக்கோ பெயர்கள் அடிபட்டன, இரண்டும் மறுக்கின்றன. எனக்கு இந்த வழக்கில் மிகவும் வலித்தது பணமல்ல. சிறையில் இருப்பவனின் மனைவி கடைசியாகக் கதவைத் தட்டுவது அப்படியொரு குழுவின் கதவைத்தான். அந்தக் கதவுக்குப் பின்னாலேயே பேரம் நடந்ததென்றால் அவள் வேறெங்கே போவாள்?

அப்புறம் நடந்ததையும் கேளுங்கள். மொராக்கோவின் மனித உரிமை மீறல்களைக் கண்டிப்பதை 25 ஆண்டுகளுக்கும் மேலாக ஐரோப்பிய நாடாளுமன்றம் பெரும்பாலும் தவிர்த்தே வந்தது. மீன்பிடி ஒப்பந்தம், குடியேறிகளைத் தடுக்கும் ஏற்பாடு, அரசியல் நட்பு என்று காரணங்கள் இருந்தன. ஊழல் வெடித்த அடுத்த மாதம், 2023 ஜனவரி 19 அன்று, ஒமர் ராடி முதலான பத்திரிகையாளர்களின் சிறைவாசத்தைக் கண்டித்து 356 பேர் வாக்களித்தார்கள். எதிர்ப்பு 32. நான்கே நாளில் மொராக்கோ நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒன்றாகக் கூடி, ஐரோப்பிய நாடாளுமன்றத்தோடு உள்ள உறவை மறுபரிசீலனை செய்வோம் என்று முடிவெடுத்தன. வெறும் காகிதத்துக்கு இரு அவைகள் கூடுமா? 2024 ஜூலை இறுதியில் மன்னர் கொடுத்த மன்னிப்பில் ராடி வெளியே வந்தார். தீர்மானம்தான் அவரை விடுவித்தது என்று நான் சொல்லவில்லை. அந்த 25 ஆண்டு மௌனத்தில் உள்ளே போனவர்களின் பெயர்களை யார் வாசித்தார்கள் என்றுதான் கேட்கிறேன்.

இனி அந்த ‘என்ன உரிமை’. உள்நாட்டு விவகாரம் என்று சொல்லி வாயை அடைக்கிறவர்களோடு இந்தப் பக்கம் ரொம்ப நாளாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. ஜார்ஜியாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றியத்தில் முழுமையாக இணைவதற்கு எல்லா நடவடிக்கையும் எடுக்க வேண்டும் என்று அந்நாட்டு அரசியல் சட்டத்தின் 78ஆவது பிரிவே கட்டளையிடுகிறது. 2022 மார்ச்சில் விண்ணப்பித்தது. 2023 டிசம்பரில் வேட்பாளர் நாடு ஆனது. வாசற்கதவைத் தட்டி, உள்ளே விடு என்று கேட்டவனை, உன் தேர்தல் எப்படி நடந்தது என்று வீட்டுக்காரன் கேட்கக் கூடாதா?

கேட்டார்கள். 2024 அக்டோபர் 26 தேர்தல் முடிவை ஏற்க முடியாது, ஓராண்டுக்குள் சர்வதேசக் கண்காணிப்பில் மறுதேர்தல் வேண்டும் என்று நவம்பர் 28 அன்று 444 பேர் வாக்களித்தார்கள். அன்றைக்கே பிரதமர் கொபாகிட்ஸே, ஐரோப்பா மிரட்டுகிறது என்று சொல்லி, 2028 இறுதிவரை இணைப்புப் பேச்சுவார்த்தையே வேண்டாம் என்று அறிவித்தார். அன்று இரவே தலைநகர் திபிலீசியின் ருஸ்தவேலி சாலை நிரம்பியது. தண்ணீரைப் பீய்ச்சினார்கள், கண்ணீர்ப்புகை குண்டு வீசினார்கள். கூட்டம் அடுத்தடுத்த இரவுகளிலும் வந்தது. ம்ஸியா அமக்லொபெலி என்ற பத்திரிகையாளர், இரண்டு செய்தி நிறுவனங்களைத் தொடங்கியவர், 2025 ஜனவரியில் கைதானார். போலீஸ் அதிகாரி ஒருவரைக் கன்னத்தில் அறைந்தார் என்பது குற்றச்சாட்டு. தண்டனை இரண்டு ஆண்டு. சிறையிலேயே அவருடைய கண்பார்வை மோசமானது. 2025இல் மனித உரிமைக்கான சகரோவ் பரிசை ஐரோப்பிய நாடாளுமன்றம் அவருக்கும், பெலாரஸில் எட்டு ஆண்டு தண்டனை பெற்ற பத்திரிகையாளர் அந்திரை போச்சோபுட்டுக்கும் சேர்த்துக் கொடுத்தது. அறிவித்த நாளில் இருவருமே சிறையில் இருந்தார்கள். பத்திரிகை நடத்துகிறவன் என்பதால் இதை எழுதும்போது எனக்குக் கோபம் கூடுதலாகவே வருகிறது. வரட்டும்.

நம் தெற்காசியாவில் இப்படி ஒரு நாடாளுமன்றமே கிடையாது. சார்க் சாசனத்தின் பத்தாவது பிரிவு, இருதரப்புப் பிரச்சினைகளையும் சர்ச்சைக்குரியவற்றையும் பேசவே கூடாது என்று 1985லேயே எழுதிவைத்துவிட்டது. தலைவர்கள் கடைசியாக மாநாட்டில் கூடியது 2014இல், காட்மாண்டுவில். அந்தப் பத்தாவது பிரிவைத் தூக்கியெறிய வேண்டும் என்று முன்பும் எழுதினேன். வசைக் கடிதங்கள் வந்தன. இப்போதும் அதையேதான் எழுதுகிறேன்.

சரி, ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் குறை எங்கே? அதன் கையில் வெளியுறவுக் கொள்கை இல்லை. தடை விதிக்க 27 அரசுகளும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். ஜார்ஜிய அதிகாரிகள் மீதான தடையை 2024 டிசம்பரில் ஹங்கேரியும் ஸ்லோவாக்கியாவும் சேர்ந்து நிறுத்தின. 2022 ஜூலையில் ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஆணையத்தின் தலைவர் பாக்கு போய், எரிவாயு வரத்தை 2027க்குள் இரட்டிப்பாக்குவோம் என்று கையெழுத்திட்டார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் அஜர்பைஜான் படை தாக்கியதும் நாகோர்னோ கராபாக் பகுதியிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மேனியர்கள் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். அஜர்பைஜான் மீது நாடாளுமன்றம் தடை கேட்டது. எரிவாயு வந்துகொண்டே இருந்தது.

இன்னொரு குறை அவர்களே செய்தது. 2013 அக்டோபரில் அஜர்பைஜான் அதிபர் தேர்தல். வாக்குப்பதிவுக்கு முதல் நாளே தேர்தல் ஆணையத்தின் கைபேசிச் செயலியில் முடிவு வந்துவிட்டது: பதவியில் இருந்த அதிபர் அலியேவ் 72.76 சதவீதம்! சோதனைக்காகப் போட்டது என்று விளக்கம் சொன்னார்கள். மறுநாள் அவருக்குக் கிடைத்தது சுமார் 85 சதவீதம். நீண்ட நாள் தங்கிப் பார்த்த கண்காணிப்பாளர்கள் கடுமையான முறைகேடுகளைப் பட்டியலிட்டார்கள். சில நாள் மட்டும் வந்துபோன ஐரோப்பிய நாடாளுமன்றக் குழுவோ, மேலே சொன்ன பேரவைக் குழுவோடு சேர்ந்து, சுதந்திரமான, நியாயமான, வெளிப்படையான தேர்தல் என்று அறிக்கை விட்டது. அதுவும் காகிதம்தான். அஜர்பைஜானில் உள்ளே கிடந்த ஒவ்வொருவரின் சிறைக்கதவிலும் அது இன்னொரு பூட்டைப் போட்டது.

காகிதம் என்ன செய்யும் என்பதற்கு பெலாரஸின் அலெஸ் பியாலியாட்ஸ்கியின் கதையைவிடப் பெரிய சாட்சி இல்லை. அரசியல் கைதிகளுக்கு உதவும் வியாஸ்னா அமைப்பை நடத்தியவர். உள்நாட்டில் கணக்கு வைக்க விடமாட்டார்கள் என்பதால் லிதுவேனியாவிலும் போலந்திலும் வங்கிக் கணக்கு வைத்திருந்தார். பெலாரஸ் அரசு கேட்டதும் அந்த இரண்டு ஒன்றிய நாடுகளின் அதிகாரிகளும் கணக்கு விவரங்களை அனுப்பிவிட்டார்கள். வரி ஏய்ப்பு என்று 2011இல் நாலரை ஆண்டு தண்டனை. இரு நாடுகளும் பிறகு வருத்தம் தெரிவித்தன. 2014இல் வெளியே வந்தார். 2020 தேர்தல் மோசடிக்கு எதிரான போராட்டத்துக்குப் பின் மறுபடி கைது. 2022இல் சிறைக்குள் நோபல். 2023இல் பத்து ஆண்டு தண்டனை.

அவர் 2025 டிசம்பரில் விடுதலையானார், மற்றவர்களையும் சேர்த்து 123 பேர். பொட்டாஷ் உரத்தின் மீதிருந்த தடையை அமெரிக்கா தளர்த்தியதுதான் விலை. தீர்மானத்தால் வெளியே வந்தார் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் யாரை விடச் சொல்லிக் கேட்பது என்று பேரம் பேசுகிறவர்களுக்குப் பெயர் தெரிந்திருக்க வேண்டுமே. பெலாரஸ் அதிபர் லுகஷென்கோவின் தேர்தல் வெற்றியை ஏற்க மாட்டோம் என்று 2020 செப்டம்பரில் 574 பேர் வாக்களித்த நாளிலிருந்து இந்தப் பெயர்களைத் திரும்பத் திரும்ப ஏட்டில் ஏற்றியது அந்த நாடாளுமன்றம். அந்த விடுதலைக்குப் பிறகும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பெலாரஸ் சிறைகளில் இருந்தார்கள். ஆலைத் தொழிலாளிகள், மாணவர்கள், ஓர் இணையப் பதிவுக்காகப் பிடிபட்டவர்கள். நோபல் வாங்காதவர்கள். ஸ்ட்ராஸ்பர்க்கில் அடுத்த தீர்மானம் போடும்போது இவர்கள் பெயரையெல்லாம் போட வேண்டும், எத்தனை பக்கம் ஆனாலும்.