மீட்டர் முள் சொல்வதைக் கேளுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

17 அடி ஃபைபர் படகு ஒன்றைப் பழையதாக வாங்கினேன். 60 குதிரைசக்தி அவுட்போர்டு (படகின் பின்னால் வெளியே மாட்டும் இன்ஜின்), 4 ஸ்ட்ரோக். ஞாயிற்றுக்கிழமையில் எண்ணூர் பக்கம் குடும்பத்தோடு சுற்றத்தான். தனியாகப் போனால் முழு ஆக்சிலேட்டரில் 5000 ஆர்.பி.எம். வருகிறது. ஐந்து பேர் ஏறினால் 4600-ஐத் தாண்டவில்லை, அணியம் (படகின் முன்பக்கம்) தூக்கியபடியே நிற்கிறது. புரொப்பெல்லரில் 11 × 14 என்று இருக்கிறது. வேறு எது வாங்கலாம்? – வாசகர், திருவொற்றியூர்

நீங்கள் மீட்டரைப் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறீர்கள், அதுவே பாதி வேலை. நிறைய பேர் 'நல்ல ஸ்பீடு புரொப்பெல்லரா சொல்லுங்க' என்றுதான் கேட்கிறார்கள், இன்ஜின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று கேட்டால் பதில் வராது. அந்த எண் இல்லாமல் யார் யோசனை சொன்னாலும் அது குத்துமதிப்புதான்.

11 என்பது புரொப்பெல்லரின் குறுக்களவு, 14 என்பது பிட்ச். தண்ணீர் கெட்டியான மரமாக இருந்தால் ஸ்குரூ மாதிரி ஒரு சுற்றுக்கு 14 இன்ச் முன்னேறும் என்று அர்த்தம், தண்ணீர் வழுக்கும் என்பதால் நிஜத்தில் அதைவிடக் குறைவாகத்தான் நகரும். பிட்ச் அதிகமானால் இன்ஜினுக்குப் பாரம் அதிகம். ஐந்தாவது கியரில் மேம்பாலம் ஏறும் பைக்கை நினைத்துக்கொள்ளுங்கள், உங்கள் இன்ஜின் ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான் திணறுகிறது. இதை நாள் கணக்கில் விட்டால் கரி படியும், சூடேறும், பிஸ்டன் வரைக்கும் சேதம் போகும். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

முழு ஆக்சிலேட்டரில் எவ்வளவு வர வேண்டும் என்று இன்ஜின் கையேட்டில் இருக்கும். இந்த அளவு இன்ஜின்களில் பலவற்றுக்கு 5000 முதல் 6000. பிட்ச் ஒரு இன்ச் குறைத்தால் சுமார் 150 முதல் 200 சுற்று கூடும். அதனால் 11 பிட்ச் போட்டால் ஐந்து பேரோடு 5100 சுமாருக்கு வரும், தனியாகப் போனால் 5500-க்குப் பக்கம். 12 போடலாமா என்றால், குடும்பம் ஏறும்போது 5000-ஐத் தொட்டும் தொடாமலும் நிற்கும். நான் 11-தான் வாங்குவேன். தனியாகப் போகும்போது உச்ச வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் எல்லோரும் ஏறினால் படகு எழும்பி ஓடும், உங்களுக்கு வேண்டியது அதுதானே.

வாங்குவதற்கு முன் படகின் அடியைப் பாருங்கள். கொட்டலசு (ஓடு மாதிரி ஒட்டி வளரும் சிறு கடல் உயிரி) ஒட்டியிருந்தால் சுரண்டிவிட்டு மறுபடி ஓட்டி மீட்டரைப் பாருங்கள், அதிலேயே சில நூறு சுற்று திரும்பக் கிடைக்கலாம்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நல்லதா, அலுமினியமா? – வாசகர், ராயபுரம்

ஸ்டீல் இறக்கை மெல்லியது, வளையாது, வேகமாக ஓடுபவர்களுக்கு வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஆனால் எங்கே ஓட்டப்போகிறீர்கள்? கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரத்தில் மணல் திட்டு இருக்கிறது, உள்ளே அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழம் குறைந்திருக்கிறது. அங்கே தரை தட்டினால் அலுமினிய இறக்கை வளைந்து அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். ஸ்டீல் வளையாது, அதிர்ச்சி கியர் பக்கம் போகும் வாய்ப்பு அதிகம். புரொப்பெல்லர் நடுவில் அதிர்ச்சியைத் தாங்க ரப்பர் புஷ் இருக்கிறதே என்பார்கள், அது ஓரளவுக்குத்தான் காப்பாற்றும். ஸ்டீல் ஒன்று வாங்கும் காசுக்கு அலுமினியம் இரண்டு வாங்கி, ஒன்றை ஸ்பேனர், மாற்று காட்டர் பின் (புரொப்பெல்லர் நட்டு கழலாமல் பிடிக்கும் கம்பி ஊசி) சகிதம் படகிலேயே வையுங்கள்.

வேகமாகத் திருப்பும்போது இன்ஜின் சத்தம் திடீரென்று ஏறுகிறது, படகு இழுக்கவில்லை. புரொப்பெல்லர் கோளாறா? – வாசகர், தண்டையார்பேட்டை

திருப்பத்தில் மட்டும் என்றால் புரொப்பெல்லர் காற்றை உறிஞ்சுகிறது. அதற்கு மேலே இருக்கும் தட்டு படகின் அடிமட்டத்துக்கு ஏறக்குறைய சமமாக இருக்கிறதா பாருங்கள். இன்ஜினை உயர்த்தி மாட்டியிருந்தாலோ, ட்ரிம்மை (இன்ஜினின் சாய்வை) அதிகம் வெளியே தள்ளியிருந்தாலோ இப்படி ஆகும். இரண்டும் சரி என்றால் நாலு இறக்கை ஒன்றைப் போட்டுப் பாருங்கள், திருப்பத்தில் பிடிப்பு கூடும், உச்ச வேகம் லேசாகக் குறையும்.

நேராகப் போகும்போதும் இதே கதை என்றால் ரப்பர் புஷ் வழுக்குகிறதோ என்று சந்தேகப்படுங்கள். நடு உருளையிலிருந்து உள் குழாய் வரைக்கும் மார்க்கரால் ஒரே நேர்கோடு போட்டுவிட்டு ஒரு சுற்று போய் வாருங்கள். கோடு விலகியிருந்தால் புஷ் போய்விட்டது, அன்றைக்குக் கரையோரமாக மெதுவாகத் திரும்பி வருவதைத் தவிர வழியில்லை.

கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்திருக்கிறது. ஏன்? – வாசகர், காசிமேடு

தண்ணீர் புகுந்துவிட்டது. நம் பக்கம் பெரும்பாலும் தங்கூசிதான் (மீன்பிடி நைலான் நரம்பு) காரணம். அறுந்து மிதக்கும் நரம்பு புரொப்பெல்லருக்குப் பின்னால் ஷாஃப்டில் சுற்றிக்கொண்டு ஆயில் சீலை அறுத்துவிடும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. எனக்கே ஒருமுறை அப்படி ஆகி, நரம்பைப் பிரித்து எடுத்தபோது கை நிறைய வந்தது. சீலை மாற்றுங்கள், ஆயிலை மாற்றுங்கள், வெளுத்த ஆயிலோடு ஒரு நாள்கூட ஓட்ட வேண்டாம். இனிமேல் மாதம் ஒருமுறையாவது புரொப்பெல்லரைக் கழற்றிப் பார்த்து, ஷாஃப்டுக்கு மரைன் கிரீஸ் தடவி மாட்டுங்கள். கை வைக்கும் முன் சாவியையும் கில் ஸ்விட்ச் (இன்ஜினை உடனே நிறுத்தும் ஸ்விட்ச்) கயிற்றையும் எடுத்து உங்கள் சட்டைப்பையிலேயே போட்டுக்கொள்ளுங்கள். படகில் பிள்ளைகள் இருந்தால் இதில் ஒருநாளும் அசட்டையாக இருக்காதீர்கள்.