விரிசலை இப்போதே பூசிவிடாதீர்கள்

கேள்வி: மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் இருக்கிறோம். அப்பா 1991-ல் கட்டிய வீடு. அடியில் நிலக்கரிச் சுரங்கம். போன மழைக்காலத்திலிருந்து கூடத்துச் சுவரில் விரிசல், தரையும் ஒரு பக்கம் சரிகிறது. "கரி எடுத்து ஐந்து வருஷமாச்சு, உங்க அஸ்திவாரம்தான் சரியில்லை" என்கிறது நிர்வாகம். நஷ்டஈடு கேட்கலாமா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். ஐந்து வருஷக் கணக்கு செல்லாது. அடுத்தவர் நிலத்தின்மேல் நமக்குள்ள உரிமைகளைச் சொல்லும் 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி, அடித்தாங்கலை (நிலத்தைக் கீழிருந்து தாங்குவதை) எடுத்த அன்று வழக்குரிமை பிறப்பதில்லை. கணிசமான சேதம் உண்டான பிறகுதான் பிறக்கிறது. பழைய 1908-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தில் இதற்குத் தந்த உதாரணமே, ஒருவர் அடியில் கரி வெட்ட, மேலே இன்னொருவர் வயல் பிறகு அமிழ்வதுதான். சேதம் நேர்ந்ததிலிருந்து மூன்று ஆண்டு உண்டு.

அஸ்திவார வாதம் சற்றுக் கனமானது. வசதியுரிமைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு காப்பது வெறும் மண்ணை. கட்டடச் சுமைக்கும் தாங்கல் கேட்க 15-ஆம் பிரிவுப்படி 20 ஆண்டு, அடிநிலம் அரசுடையதென்றால் 30 ஆண்டு கடந்திருக்க வேண்டும். உங்கள் வீடு இரண்டையும் தாண்டிவிட்டது. பழைய வீட்டுவரி ரசீதுகளைத் தேடுங்கள். கிரயப் பத்திரத்தில் கனிம உரிமை பற்றி ஏதாவது வாசகம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வழக்கு நிற்பதும் விழுவதும் அளவீட்டில்தான். நிலம் சமமாக இறங்கினால் வீடு அவ்வளவாக உடையாது. சுரங்கக் கூரையைத் தாங்க விட்டிருந்த கரித் தூண்களை எடுத்த பகுதியின் ஓரத்தில் நிலம் இழுபடும்போதுதான் சுவர் பிளக்கும். மீட்டருக்கு 3 மில்லிமீட்டர் இழுவை என்றால் 12 மீட்டர் வீட்டுக்கு 36 மில்லிமீட்டர். விரிசலுக்குக் குறுக்கே கண்ணாடிச் சில்லைப் பிளாஸ்டரால் ஒட்டித் தேதி எழுதுங்கள். சில்லு உடைந்தால் நிலம் இன்னும் நகர்கிறது. சர்வேயரை வைத்து மாதாமாதம் நான்கு மூலைக்கும் மட்டம் எடுங்கள்.

சுரங்க வரைபடம், தூண் எடுத்த தேதிகள், நிலத்தாழ்வு அளவீடுகள், கட்டடங்களுக்கு 45 மீட்டருக்குள் வேலை செய்யப் பெற்ற அனுமதி ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் சுரங்கப் பாதுகாப்பு தலைமை இயக்குநரகத்திடம் கேளுங்கள். நீதிமன்றத்தில் உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 26 விதி 9-ன் கீழ், இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தர ஓர் ஆணையரை நியமிக்கக் கோரலாம்.

உங்கள் மாவட்டத்தின் குக்குஸில் 2022 ஆகஸ்டில் ஒரு வீடே மண்ணுக்குள் போனது. தரையைத் தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்டால், மாவட்ட ஆட்சியருக்கு எழுதிக்கொடுத்துவிட்டு உடனே வெளியேறுங்கள். பழுதுபார்ப்புப் பணம் என்று நிர்வாகம் நீட்டும் தாளில் 'முழுத் தீர்வாக' என்ற சொல் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.